திருகாணியைத் தொடுவதற்கு முன்



"ஓடும் வண்டியைப் பார்த்து மயங்காதே, நிற்கும் வண்டியைக் கேள்" என்று என் தந்தையார் அடிக்கடி சொல்வார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து லாரியை ஓட்டியவர் அவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மேடேறும்போது எந்த இயந்திரமும் உறுமத்தான் செய்யும். அந்த உறுமலில் எல்லாக் குறைகளும் மூழ்கிவிடும். ஆலை வாசலில், எடைமேடைக்காக வரிசையில் நிற்கும்போதுதான் இயந்திரம் உண்மை பேசும் என்பது அவர் கண்ட பாடம்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். தந்தையாரிடமிருந்து எனக்கு வந்தவை ஒரு பெட்டி ஸ்பேனர்களும் அந்த வாக்கியமும்தாம். வார நாள்களில் கட்டுரை நோட்டுகளைத் திருத்துகிறேன். சனிக்கிழமைகளில் பழைய கார்களைத் திருத்துகிறேன். அண்மையில் என்னிடம் வந்த ஒரு காரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். "ஐட்லிங் சரியில்லை, பெட்ரோல் கலவை சரியில்லை" என்பதே அதன் மீதிருந்த புகார். ஆனால், அந்தப் புகாருக்கு அடியில் உயிரோடு விளையாடக்கூடிய வேறொன்று ஒளிந்திருந்தது. பழைய காரை மாற்றியமைத்து ஓட்டும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சும்மா நிற்பது சும்மா இல்லை

கார் நின்றபடி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் பட்டறைகளில் ஐட்லிங் என்கிறார்கள். பார்ப்பதற்கு ஓய்வு போலத் தோன்றும் இந்நிலைதான் இயந்திரத்திற்கு மிகக் கடினமான தேர்வு.

நான்கு சிலிண்டர் இயந்திரம் ஒன்று நிமிடத்திற்கு 850 சுற்று வேகத்தில் ஐட்லிங் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். ஆக, நிமிடத்திற்கு 1,700 வெடிப்புகள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28. ஒவ்வொரு வெடிப்பும் அடுத்த சிலிண்டரை அழுத்துவதற்கு வேண்டிய ஆற்றலை மட்டுமே தருகிறது. மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நடுவில் இரண்டு வெடிப்புகள் தவறினாலும் இயந்திரம் தள்ளாடும். மூன்று, நான்கு தவறினால் நின்றுவிடும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கலவை செறிவு. காற்று கூடினால் கலவை மெலிவு. ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் முந்தைய சுற்றின் எரிந்த புகையும் கணிசமாகத் தங்கிவிடுவதால் கார்புரேட்டர் இயந்திரங்கள் அந்நேரத்தில் சற்றுச் செறிவான கலவையையே விரும்பும்.

இனி, காற்றின் கணக்கைப் பார்ப்போம். 1,468 கன சென்டிமீட்டர் இயந்திரம் ஒன்று 850 சுற்றில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 620 லிட்டர் கொள்ளளவை நிரப்ப வேண்டும். ஆனால், காற்று வழியில் உள்ள திராட்டில் தகடு அப்போது மூடியே இருக்கிறது. அதனால் உள்ளே வெற்றிட உறிஞ்சல் உண்டாகி, உண்மையில் நுழையும் காற்று ஏறத்தாழ 200 லிட்டர்தான். இப்போது ஏதோ ஒரு விரிசல் வழியே நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று கொள்ளுங்கள். அது பத்தில் ஒரு பங்கு. கலவை உடனே மெலிந்துவிடும். அதே இயந்திரம் 5,500 சுற்றில் முழு மூச்சில் ஓடும்போது 3,000 லிட்டருக்கு மேல் காற்றை விழுங்குகிறது. திராட்டில் திறந்திருப்பதால் உறிஞ்சலும் அப்போது மிகக் குறைவு. விரிசல் இருப்பதே தெரியாது.

நெடுஞ்சாலையில் பறக்கும் கார் சமிக்ஞை விளக்கில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். "ஓடும்போது நன்றாகத்தானே இருக்கிறது!" என்று வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

மாற்றியமைத்த இயந்திரத்தின் தனிக்குணம்

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் புரோட்டான் சாகா அறிமுகமானது. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பல முதன்முதலாகச் சொந்தக் கார் வாங்கியது அதன் பிறகுதான். 1992இல் அதன் அடுத்த வடிவமாக இஸ்வாரா வந்தது. என்னிடம் வந்ததும் ஓர் இஸ்வாராதான். 1997இல் பதிவு பெற்றது, 1.5 லிட்டர், பன்னிரண்டு வால்வு, கார்புரேட்டர் வகை. மின்னணுக் கட்டுப்பாடு அதிகம் இல்லாததால் கையும் காதும் உள்ளவர் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய இயந்திரம். விலையும் குறைவு. ஆகவே, இளைஞர்கள் இதை வாங்கி மாற்றியமைப்பதில் வியப்பில்லை.

இந்தக் காரில் முந்தைய உரிமையாளர் மூன்று மாற்றங்களைச் செய்திருந்தார். முதலாவது, மூலக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு வெபர் 32/36 என்னும் இரட்டைக் குழல் கார்புரேட்டரைப் பொருத்தியிருந்தார். அது நேராகப் பொருந்தாது என்பதால் நடுவில் ஓர் அலுமினியத் தகட்டை இணைப்பாக வைத்திருந்தார். இரண்டாவது, வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் விளையாட்டு வகைக் கேம் தண்டு. மூன்றாவது, புகை விரைந்து வெளியேற எக்ஸ்ட்ராக்டர்.

இம்மூன்றும் ஐட்லிங்கைத் தொடுபவையே. கேம் தண்டு மாறினால் உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடும், குறைந்த வேகத்தில் புகை பின்னோக்கிக் கலக்கும், உறிஞ்சல் குறையும். எனவே அத்தகைய இயந்திரத்திடம் புதுக் காரின் பட்டுப் போன்ற ஐட்லிங்கை எதிர்பார்ப்பது நியாயமன்று. 900 சுற்றில் சற்றே குலுங்கி, ஆனால் ஒரே சீராக நின்றால் அது அதன் இயல்பு. குலுங்கல் சீரில்லாமல், ஏறி இறங்கி, இறுதியில் நின்றுபோனால் அது நோய். இயல்பு எது, நோய் எது என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை.

மூன்று பட்டறைகள், ஒரே திருகாணி

காரைக் கொண்டுவந்தவர் என் முன்னாள் மாணவர். இப்போது தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்க்கிறார். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. இன்னும் ஐந்து வாரத்தில் மகப்பேறு. மருத்துவமனைக்குப் போகும் வழியில் நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. அதன் அடியில் சமிக்ஞை விளக்கு. மாதப் பரிசோதனைக்குச் சென்ற இரண்டு முறையும் கார் அங்கேதான் நின்றுபோனதாம்.

"மூன்று பட்டறைக்குப் போய்விட்டேன் ஐயா. ஏறக்குறைய தொள்ளாயிரம் வெள்ளி செலவு. ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழையபடிதான்" என்றார்.

மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றே. கலவைத் திருகாணியை வெளியே திருகிப் பெட்ரோலைக் கூட்டினார்கள். அது போதாதபோது ஐட்லிங் ஜெட்டைப் பெரிதாக்கினார்கள். அதுவும் போதாதபோது ஐட்லிங் வேகத்தை ஏற்றிவிட்டார்கள். இதற்காகப் பட்டறைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் பத்துக் கார் காத்திருக்க, "சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்று நெருக்கும் வாடிக்கையாளருக்கு அவர்களால் தர முடிந்தது பதினைந்து நிமிடம். திருகாணியைத் திருப்பினால் கூலி கிடைக்கும். ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தால் யார் கூலி தருவார்?

மாணவரும் அதே மனநிலையில்தான் வந்திருந்தார். "ஐயா, இன்னும் ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்டுக் கொடுங்கள், போதும். குழந்தை பிறக்கும்வரை ஓடினால் சரி" என்று கையோடு ஜெட்டையும் வாங்கி வந்திருந்தார்.

நான் அந்தப் பொட்டலத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். "தம்பி, இன்று நீதான் எழுதப் போகிறாய். எதையும் திருப்புவதற்கு முன் இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்" என்றேன். பள்ளியில் எழுத்துவேலை என்றாலே முகம் சுளித்தவர். அன்றும் சுளித்துக்கொண்டேதான் எழுதினார்.

கலவைத் திருகாணியை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணினோம். நான்கு சுற்று. பிறகு அதே இடத்திற்குத் திருப்பி வைத்தோம். ஐட்லிங் ஜெட்டின் எண் 65, அதாவது துளையின் விட்டம் 0.65 மில்லிமீட்டர். இந்தக் கார்புரேட்டரில் ஜெட் சரியான அளவில் இருந்தால் கலவைத் திருகாணி ஏறக்குறைய இரண்டு சுற்றில் அமைய வேண்டும். இரண்டரைக்கு மேல் போனால் இயந்திரம் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது என்று பொருள். இங்கே பெரிய ஜெட்டும் உண்டு, நான்கு சுற்றும் உண்டு; இருந்தும் பசி அடங்கவில்லை.

முதலில் கேள்வி, பிறகு கருவி

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். நான்கும் உலர்ந்த கரியால் மூடிக் கறுத்திருந்தன. அது செறிவுக் கலவையின் அடையாளம். ஐட்லிங்கில் பஞ்சம், பிளக்கிலோ வெள்ளத்தின் சுவடு! முரண்பாடு போலத் தெரியும். காற்றுக் கணக்கை நினைத்துக்கொண்டால் முரண்பாடு இல்லை. திருட்டுக் காற்று ஐட்லிங்கில்தான் அதிகம் நுழைகிறது. அதை ஈடுகட்டப் பெட்ரோலைக் கூட்டிவிட்டார்கள். காலை மெல்ல மிதித்துத் தாமான் சாலையில் செல்லும்போதும் அதே ஐட்லிங் ஜெட்தான் பெருமளவு பெட்ரோலைத் தருகிறது. அப்போது திருட்டுக் காற்றின் பங்கு குறைந்துவிடுவதால், கூட்டிய பெட்ரோல் மிகுதியாகி, எரியாமல் கரியாகிறது. பெட்ரோல் வாடையும் அதனால்தான். தொட்டி விரைவில் காலியாவதும் அதனால்தான்.

பெட்ரோல் பக்கம் போவதற்கு முன் தீப்பொறிப் பக்கத்தை முடித்துவிட வேண்டும். கார்புரேட்டரின் தலையில் சுமத்தப்படும் பழிகளில் பல உண்மையில் தீப்பொறிக்கு உரியவை. பிளக்குகளைத் துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்து, டைமிங் விளக்கால் தீப்பொறி நேரத்தையும் பார்த்தோம். பழுதில்லை. நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தோம். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தன. ஆகவே வால்வும் வளையமும் நலம்.

அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். குளிர்ந்திருக்கும்போது நிற்கிறதா, சூடேறிய பிறகா? மழையிலா, வெயிலிலா? விளக்குப் போட்டாலா, போடாமலா? மாணவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "சிவப்பு விளக்கில்தான் ஐயா."

"வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து ஓடவிட்டால்?"

சற்று யோசித்தார். "அப்போது குலுங்கும். ஆனால் நிற்பதில்லை."

இரண்டுமே ஐட்லிங்தானே? வாசலில் நிற்பதற்கும் சிவப்பு விளக்கில் நிற்பதற்கும் இடையே என்ன வேறுபாடு? அதை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கைப்பிரேக்கைப் பார்த்தார், பிறகு தம் வலது காலைப் பார்த்தார்.

"சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன் ஐயா."

கசிவைத் தேடி

வெற்றிட அளவுமானி ஒன்று ஐம்பது, அறுபது வெள்ளிக்குக் கிடைக்கும். அந்த விலைக்கு அதைவிடப் பேசும் கருவி வேறில்லை. மாற்றமில்லாத நலமான இயந்திரம் ஐட்லிங்கில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம்வரை காட்டும். விளையாட்டுக் கேம் தண்டு இருந்தால் சில அங்குலம் குறையும். இந்தக் கார் காட்டியது 11. முள் ஆடவில்லை, தாழ்வாக, அசையாமல் நின்றது. வால்வுக் கோளாறு என்றால் முள் துடிக்கும். தீப்பொறி நேரம் பிந்தியிருந்தாலும் முள் இப்படித் தாழ்ந்து நிற்கும். ஆனால் அதை முன்பே பார்த்துவிட்டோம். எஞ்சியது கசிவு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கசிவைக் கண்டுபிடிக்கக் கார்புரேட்டர் துப்புரவுத் திரவத்தைப் பீய்ச்சுவது பல பட்டறைகளின் வழக்கம். கீழே எக்ஸ்ட்ராக்டர் பழுக்கக் காய்ந்திருக்கும்போது எரியும் திரவத்தைத் தெளிப்பது தீயை அழைப்பதாகும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியில் சவர்க்காரம் கலந்த நீரே போதும். அதையும் மின்கம்பிகளில் படாமல் தெளிக்க வேண்டும். இன்னொன்று: இச்சோதனைகளைத் திறந்த வெளியிலேயே செய்யுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய கொட்டகையில் அது ஆளைக் கொல்லும்.

இணைப்புத் தகட்டின் ஓரத்தில் நீரைத் தெளித்தவுடன் இயந்திரத்தின் குரல் மாறியது. நீர் அந்தச் சந்தை ஒரு கணம் அடைத்தது. சுற்று வேகம் நகர்ந்தது. நீர் உறிஞ்சப்பட்டதும் பழையபடி தள்ளாட்டம். முதல் திருடன் அகப்பட்டான்.

ஒன்று கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. கார்புரேட்டருக்குக் கீழிருந்து பிரியும் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக, கிழியாதபடி துணி சுற்றிய இடுக்கியால் நெரித்துப் பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாய்: முள்ளில் மாற்றமில்லை. இயந்திரத்தின் உட்புகையை உறிஞ்சும் குழாய்: ஐட்லிங் இலேசாக மாறியது, அது இயல்பே. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய்: நெரித்தவுடன் முள் 11இலிருந்து 13க்கு ஏறியது.

மாணவரின் பேனா நின்றுவிட்டது.

மிதியில் கேட்ட சீறல்

பிரேக் பூஸ்டர் என்பது பிரேக் மிதிக்கும் இயந்திர அறையின் சுவருக்கும் அருகே உள்ள வட்டக் கலம். உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. இயந்திரத்தின் உறிஞ்சல் சவ்வின் ஒரு பக்கத்தை இழுக்க, மிதிக்கும்போது மறுபக்கம் வெளிக்காற்று நுழைய, நம் காலின் விசை பலமடங்காகிறது. நலமான பூஸ்டரில் ஒருவழி வால்வு ஒன்று உறிஞ்சலைச் சேமித்து வைக்கும். ஓடும்போது இயந்திரம் நின்றுபோனாலும் இரண்டு, மூன்று முறை மிதிக்கும் அளவுக்கு உதவி இருக்கும். சவ்வு கிழிந்தால் அந்தச் சேமிப்பும் இல்லை. மிதிக்கும்போதெல்லாம் காற்று அதன் வழியே இயந்திரத்துக்குள் பாய்ந்து கலவையையும் கெடுக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகளைச் செய்தோம். இவற்றுக்குக் கருவியே வேண்டாம். கார் வைத்திருக்கும் எவரும் செய்து பார்க்கலாம்.

1. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து மிதி கடினமாகும்படி செய்ய வேண்டும். காலை எடுக்காமல் இயந்திரத்தை இயக்க வேண்டும். மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இந்தக் காரில் இறங்கியது, ஆனால் தயங்கித் தயங்கி.

2. இயந்திரத்தை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்று நேரம் கழித்து மிதிக்க வேண்டும். முதல் இரண்டு, மூன்று மிதிப்பு மென்மையாக இருக்க வேண்டும். இந்தக் காரில் முதல் மிதிப்பே கல்லாக இருந்தது.

3. இயந்திரம் ஓடும்போது மிதித்துப் பிடித்தபடி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அரை நிமிடம்வரை மிதி அதே உயரத்தில் நிற்க வேண்டும். இந்தக் காரில் மிதி உடனே காலை மேலே தள்ளியது.

இயந்திரம் ஓடும்போது மிதித்துப் பிடித்தால் காலடியில் தெளிவான சீறல் ஒலி கேட்டது. அளவுமானியின் முள் 9க்கு விழுந்தது. சில நொடிகளில் இயந்திரம் நின்றது. அந்தக் கணத்தில் பிரேக் மிதியும் இறுகியது.

இறக்கத்தின் அடியில் உள்ள அந்தச் சமிக்ஞை விளக்கை நினைத்துப் பாருங்கள். பிரேக்கை மிதிப்பதால் இயந்திரம் நிற்கிறது. இயந்திரம் நிற்பதால் பிரேக்கின் துணையும் போகிறது. இரண்டும் ஒரே நொடியில். மாணவர் வாங்கி வந்த பெரிய ஜெட்டைப் பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூடுதல் பெட்ரோல், கசியும் காற்றை ஈடுகட்டியிருக்கும். இயந்திரம் நின்றுபோவது குறைந்திருக்கும். "ஐயா சரிசெய்துவிட்டார்" என்ற பெயரும் எனக்கு வந்திருக்கும். சவ்வின் கிழிசல் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே போயிருக்கும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டு வயதுடைய ரப்பர் கிழிவது இயற்கை. அதில் எவருடைய குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கார் பலமுறை தன் மொழியில் சொன்னதைக் கலவைத் திருகாணியால் வாயடைத்துக்கொண்டிருந்தோம் என்பதை மாணவர் உணர்ந்தார். அன்று காரை ஓட்டிச் செல்ல நான் விடவில்லை. திங்கட்கிழமை இழுவை வண்டி வந்து, பிரேக் வேலை மட்டுமே செய்யும் பட்டறைக்கு எடுத்துச் சென்றது. பாதிக் கார் இறக்குமதிக் கடைகளில் பழைய பூஸ்டர் மலிவாகக் கிடைக்குமே என்று அவர் கேட்டார். கதவோ கண்ணாடியோ என்றால் வாங்கலாம். பிரேக்குக்குப் புதியதே வேண்டும் என்றேன். தொள்ளாயிரம் வெள்ளி செலவழித்தவருக்கு அது எளிய செய்தியன்று. முகம் வாடியது. ஆயினும் புதியதையே வாங்கினார்.

கடைசியாகத் திருகாணி

அடுத்த சனிக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி இணைப்புத் தகட்டை எடுத்தோம். நேர்விளிம்பு ஒன்றை அதன் மேல் வைத்து ஒளிக்கு எதிரே பிடித்தால் நடுவில் கீற்று தெரிந்தது. ஓரத்து நட்டுகளை மட்டும் அளவுக்கு மீறி முடுக்கியதில் தகடு வளைந்திருந்தது. தடித்த கண்ணாடியின்மேல் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தகட்டைத் தேய்த்துச் சமன் செய்தோம். புதிய கேஸ்கெட் வைத்து, எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்கினோம். இவ்வேலைக்கான செலவு முப்பது வெள்ளிக்குள்.

முள் இப்போது 16 காட்டியது. இந்தக் கேம் தண்டுக்கு அது நல்ல அளவே.

இதன் பிறகே கலவையைத் தொட்டோம். ஐட்லிங் ஜெட்டை 55க்கு இறக்கினோம். பலர் அறியாத ஒரு செய்தி: இந்த வகைக் கார்புரேட்டரில் கலவைத் திருகாணி, ஏற்கெனவே கலந்த பெட்ரோலும் காற்றும் எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்பதையே கட்டுப்படுத்துகிறது. அக்கலவைக்கு எவ்வளவு பெட்ரோல் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஜெட். குழம்பு உப்புக் கரித்தால் கரண்டியை மாற்றிப் பயனில்லை அல்லவா?

செய்முறை இதுதான். இயந்திரம் நன்கு சூடேறியிருக்க வேண்டும். சோக் முழுதும் விலகியிருக்க வேண்டும். வேகத் திருகாணி திராட்டில் நெம்பைத் தொட்ட பிறகு அரைச் சுற்று முதல் ஒரு சுற்றுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் முடுக்கினால் திராட்டில் தகடு கூடுதலாகத் திறந்து, அடுத்த கட்டத்துக்கான துளைகளும் வெளிப்பட்டு, கலவைத் திருகாணி சொல்பேச்சுக் கேட்காது. கலவைத் திருகாணியை இரண்டு சுற்றில் தொடங்கி, கால் சுற்றாக உள்ளே திருக வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருந்து காது கொடுக்க வேண்டும். இயந்திரம் தடுமாறத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி வெளியே திருகி, மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். வேகம் மிகுந்தால் வேகத் திருகாணியைச் சற்றே தளர்த்தி, மீண்டும் கலவையைச் சரிபார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே மாற்றம்; ஒவ்வொரு மாற்றமும் நோட்டில்.

முடிவில் கலவைத் திருகாணி ஏறக்குறைய இரண்டு சுற்று, வேகத் திருகாணி முக்கால் சுற்று, ஐட்லிங் 900. பிரேக்கை மிதித்தபோது முள் ஒரு கணம் அசைந்து உடனே தன் இடத்திற்கு வந்தது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு பார்த்தால் பிளக்குகள் இளம்பழுப்பு நிறத்தில் இருந்தன.

உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் ஐட்லிங் சரியாகும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆக்டேன் எண் என்பது அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் தன்மையின் அளவு. காற்றுக் கசிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புதிய இன்ஜெக்‌ஷன் கார்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். அங்கே கலவைத் திருகாணி இல்லை. கணினியே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. காற்றின் அளவை நேராக அளக்கும் உணரி உள்ள கார்களில், கணினியின் திருத்தம் ஐட்லிங்கில் மிகக் கூடி, 2,500 சுற்றில் இயல்புக்கு வந்தால் காற்றுக் கசிவைத் தேடலாம். மாறாக, வேகம் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் பம்பையோ வடிகட்டியையோ பார்க்கலாம். கணினியும் ஒருவகையில் அந்தப் பட்டறைக்காரர்தான்: குறையை ஈடுகட்டும், குறை எங்கே என்று சொல்லாது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இக்காரின் நோட்டு என் நினைவுக்கு வருகிறது. வாசிக்கத் தடுமாறும் மாணவனிடம் நாம் முதலில் செய்வது என்ன? இன்னும் ஒரு பயிற்றி, இன்னும் ஒரு மணி நேர வகுப்பு. பெட்ரோலைக் கூட்டுகிறோம். சில வாரம் புள்ளிகள் ஏறும், பிறகு இறங்கும். வகுப்போடு சேர்ந்து உரக்க வாசிக்கும்போது அவன் குரலும் கலந்து நன்றாகவே ஒலிக்கும். தனியே, மெதுவாக, அவனை மட்டும் வாசிக்கச் சொன்னால்தான் அவன் எந்த எழுத்தில் தயங்குகிறான், கரும்பலகையை எப்படிக் கண் சுருக்கிப் பார்க்கிறான், காலையில் சாப்பிட்டு வந்தானா என்பதெல்லாம் தெரியும். பயிற்றி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குப் பயிற்றியை மட்டும் கூட்டிக்கொண்டே போவது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

ஒரு காலத்தில் அந்த மாணவரின் தேர்ச்சி அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதப்பட்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் அன்று எழுதிய நான்கு பக்கக் குறிப்பில் ஒரு சுற்றுக்கூட விடுபடவில்லை. தம் மனைவியும் பிறக்கப்போகும் குழந்தையும் அமரப்போகும் காரைப் பற்றிய குறிப்பு அது. கவனம் அவரிடம் எப்போதும் இருந்தது. அதைக் கொடுக்கத்தக்க ஒன்றை நாங்கள் அவர் முன் வைக்கவில்லை போலும்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். பிரிக்கப்படாத அந்த ஜெட் பொட்டலம் இன்னும் என் கருவிப் பெட்டியில்தான் கிடக்கிறது. பழைய கார் வைத்திருப்போர் இவ்வாரம் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மேலே சொன்ன பிரேக் சோதனைகள் மூன்றையும் தங்கள் காரில் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.